சுவர் என்கிற இரண்டாம் பிரதிவாதி

புரட்டாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, மஞ்சநம்பிபுரம் மேட்டுத் தெருவில், தங்கமாரியப்பன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. அதை முதலில் அறிந்தது அடுத்த வீட்டுச் செண்பகவடிவின் இடுப்பு. சுவருக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே குடத்தை இடுக்கிக்கொண்டு வருஷக்கணக்காகப் போய்வந்த இடுப்பு அன்றைக்குச் சுவரில் உரசியது. உடம்பு போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று அவள் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசையைக் குறைத்தாள். மறுநாளும் உரசியது, இன்னொரு தோசையைக் குறைத்தாள். மூன்றாம் நாள் குடமே சிக்கிக்கொண்டது. பித்தளைக் குடம் உடம்பு போடாது என்பது அவளுக்குத் தெரியும் என்பதால், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரடியில் கரிக்கட்டையால் தரையில் ஒரு கோடு போட்டாள். விடிந்ததும் வந்து பார்த்தபோது கோட்டைக் காணவில்லை. சுவர் அதன் மேல் நின்றுகொண்டிருந்தது.

நாற்பதடி நீளமும் ஆளுயரமும் உள்ள செங்கல் சுவர் அது. மேலே பதித்த பாட்டில் சில்லுகளோடும், மழைக்காலத்துப் பாசியோடும், பழைய தேர்தல் சின்னத்தின் வெளிறிய பாதியோடும், அஸ்திவாரத்தோடும் சேர்ந்து, நாளுக்கு ஒரு விரற்கடை அது நகர்ந்தது. முன்னால் இருந்ததை மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் மண் தண்ணீர் போல மூடிக்கொண்டது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, வயதானவர் ஒருவர் நாற்காலியில் இடம் மாறி உட்காருகிற சத்தம்தான்.

செண்பகவடிவு இட்லி மாவு ஆட்டி விற்பவள். புருஷன் மணவாளன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான். அவள் தன் பெயரிலேயே வாங்கிய ஆறு சென்ட் இடத்தில் மேற்கே வீடு, கிழக்கே பதினைந்தடி வெற்றிடம். அந்தப் பதினைந்தடியில் கொட்டகை போட்டு, மும்முனை மின்சாரம் இழுத்து, பெரிய கிரைண்டர் இரண்டு இறக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு திட்டம் இருந்ததில்லை. ஈரமும் தவிட்டு வாசமுமாக அந்தக் கொட்டகையை அவள் எத்தனையோ முறை மனசுக்குள் கழுவிவிட்டிருக்கிறாள். இப்போது கட்டாத கொட்டகையின் கிழக்கு மூலையில் சுவர் நுழைந்துகொண்டிருந்தது.

தங்கமாரியப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எவர்சில்வர் தூக்கோடு மாவு வாங்க வருவார். அன்றைக்கும் வந்தார்.

"அண்ணாச்சி, உங்க சுவரு எங்க இடத்துக்குள்ள வருது" என்றாள் செண்பகவடிவு, மாவை ஊற்றிக்கொண்டே.

"ஆமா, நானும் பாத்தேன்."

"பாத்துட்டு சும்மா இருந்தா எப்படி?"

"நான் நகத்தலையே தங்கச்சி. அதுவா நடக்கு. எனக்கு மட்டும் லாபமா, வீட்டு முத்தம் பெருகப் பெருகக் கூட்டுதது யாரு? இந்த முழங்கால வச்சிக்கிட்டு நான்தான கூட்டணும்."

"அப்போ அது உங்க சுவரு இல்லைங்கீங்களா?"

"எங்க அப்பா கட்டுன சுவரு. என்னுது இல்லாம?"

"அதுக்கு அந்தப் பக்கம் உள்ள இடம்?"

அவர் தூக்கை மூடி, கொக்கியைப் போட்டார். "சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்னுது, இந்தப் பக்கம் இருக்கிறது உன்னுது, நாற்பது வருஷமா அப்படித்தான இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரு இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. முதலில் நாலைந்து பேர் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். அப்புறம் சுவர் கட்டிய வருஷத்துச் சூளைச் செங்கல் எல்லாமே அப்படித்தான், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்று ஒருவர் சொன்னார், அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் தன் வகுப்பைக் கூட்டிவந்து அடிஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னார். சுவர்மேல் படுக்கும் பூனை, நாளுக்கு ஒரு விரற்கடை பயணம் செய்தபடி வழக்கம்போலத் தூங்கியது. ஊர் சுற்றிவிட்டு வந்த மணவாளன் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி, "போன தடவ இங்க ரெண்டு வண்டி நிக்குமே" என்றான். விஷயத்தைச் சொன்னதும், "நடந்து களைச்சா தானா நிக்கும், விடு" என்று படுத்துக்கொண்டான். அவள் விடவில்லை. பத்திரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வி.ஏ.ஓ. பட்டாவைப் பார்த்தார், சிட்டாவைப் பார்த்தார், கணினியில் பார்த்தார். "இடம் உங்க பேர்லதான் இருக்கு, பயப்படாதீங்க, சுவர் பேருக்கு மாறலை" என்றார். அளந்து எல்லையைக் காட்டச் சொல்லி மனுக் கொடுங்கள் என்றார், கொடுத்தாள். சர்வேயர் சங்கிலியோடும் புலப்படத்தோடும் வந்து வடக்கு மூலையிலிருந்து அளக்க ஆரம்பித்து, தெற்கு மூலையை எட்டியபோது மதியமாகியிருந்தது, அதற்குள் வடக்கு மூலையில் அளவு மாறியிருந்தது. மறுபடி அளந்தார். மனிதர் நேர்மையானவர், கடைசியில் வரைபடத்தின் கீழே, 'மேற்படி ஆக்கிரமிப்பு பிற்பகல் மூன்று இருபது நிலவரப்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள், ஆனால் அத்துமீறியவனுக்குக் கால் இருந்தால்தான் தங்களால் பிடிக்க முடியும், இது சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

கோர்ட்டுக்கு எதிரே மாடியில் நெல்லைநாயகம் வக்கீல் இருந்தார். ஒல்லியான மனிதர், எதையும் நாற்பதாவது தடவையாகக் கேட்கிற முகம். செண்பகவடிவு சொல்லி முடித்ததும், சுவர் எப்படி நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

"எத்தனை நாளா?"

"நாப்பது நாளா."

"நல்ல நேரத்துல வந்தீங்க. பன்னிரண்டு வருஷம் கண்டுக்காம விட்டிருந்தா, அனுபவ பாத்தியதைன்னு ஒண்ணு சொல்லுவாங்க. இடம் அவருக்கே போயிரும்."

"பன்னிரண்டு வருஷத்துல சுவரு எங்க வீட்டத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும் சார்."

"அது பஸ் ஸ்டாண்டுக்காரங்க கவலை" என்று அவர் தாளை எடுத்தார். முதலில் வக்கீல் நோட்டீஸ் போனது. பதினைந்து நாளில் தங்கமாரியப்பனின் பதில் வந்தது. சுவரை நகரச் சொல்லி நான் ஒருபோதும் தூண்டவில்லை, அதன் நடத்தைக்கு நான் பொறுப்பல்ல என்று தன் கைப்படவே எழுதியிருந்தார். நெல்லைநாயகம் அதை இரண்டு முறை படித்தார். தங்கமாரியப்பன் மேல் மட்டும் தடை வாங்கினால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், சுவர் நடந்துகொண்டே இருக்கும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆகவே இடம் செண்பகவடிவுக்குப் பாத்தியம் என்று அறிவிக்கவும், மேற்கொண்டு நுழையாமல் தடுக்கவும், நுழைந்ததைத் திரும்பப் பெறவும் கேட்டு அவர் போட்ட வழக்கில், ஒன்றாம் பிரதிவாதி தங்கமாரியப்பன், இரண்டாம் பிரதிவாதி மேற்படியார் வீட்டு மேற்குச் சுவர்.

சம்மன் கொண்டுவந்த கோர்ட் அமீனா மேட்டுத் தெருவில் சந்தோஷமாக இருந்தார். இருபத்தாறு வருஷச் சர்வீஸில், தேடிப் போன அன்றைக்கே வீட்டில் இருந்த பிரதிவாதி இது ஒன்றுதான் என்றார். சுவரின் நடுவில் பசை தடவி சம்மனை ஒட்டினார். ஒட்டிய இடத்தில் சுவர் லேசாகச் சிலிர்த்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அமீனா அதைத் தன் குறிப்பில் எழுதவில்லை. 'நேரில் சார்வு செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினார்.

வாய்தா அன்றைக்கு டவாலி வராந்தாவுக்கு வந்து, தங்கமாரியப்பன் என்று ஒருமுறை கூப்பிட்டார், அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். பிறகு மேற்குச் சுவர், மேற்குச் சுவர், மேற்குச் சுவர் என்று மூன்று முறை கூப்பிட்டார். மரத்தடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. முன்சீப் ஓர் இளவயது அம்மாள், மூக்குக்கண்ணாடி போட்டவர். இரண்டாம் பிரதிவாதி ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டு, செண்பகவடிவைப் பார்த்தார்.

"நாளுக்கு எவ்வளவு நகருது?"

"ஒரு விரல் அம்மா."

"யாரோட விரல்?"

செண்பகவடிவு தன் வலது ஆட்காட்டி விரலை நீட்டினாள். உளுந்து தள்ளித் தள்ளித் தேய்ந்த விரல். அம்மாள் அதை உற்றுப் பார்த்து, 'வாதியின் விரல்' என்று பதிவு செய்துகொண்டார். வழக்கு முடியும்வரை தற்போதைய நிலை நீடிக்க வேண்டும், இரு தரப்பும், சுவரும், இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டார்.

அமீனா உத்தரவைச் சுவரில் ஒட்டிய அன்றைக்குச் சுவர் நின்றது. அதற்குள் நாலடி போயிருந்தது. தெருவே வந்து பார்த்தது. மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. செண்பகவடிவு உத்தரவின் நகலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். சனிக்கிழமை காலையில் டிரம் சாய்ந்து கிடந்தது.

அவள் நகலையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். நெல்லைநாயகம் காலண்டரைப் பார்த்தார். சனி, ஞாயிறு கோர்ட் லீவு. திங்கட்கிழமை சுவர் நின்றது. பொங்கலுக்கு நாலு நாள் நடந்தது, குடியரசு தினத்தன்று நடந்தது. ஒரு மூத்த வக்கீல் இறந்ததற்காகக் கோர்ட்டுக்கு அரை நாள் விட்டபோது அரை விரல் நடந்தது. சட்டத்தை இவ்வளவு கவனமாக மதிக்கிற பிரதிவாதியை நான் பார்த்ததில்லை என்று நெல்லைநாயகம் சொன்னார், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வழக்கு நடந்த காலம் முழுவதும் தங்கமாரியப்பன் ஆறு மணிக்குத் தூக்கோடு வந்தார். கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் அவளைப் பார்த்துப் பொய் சொல்லுகிறாய் என்று சொன்ன அன்றைக்கும் வந்தார். அவளும் ஊற்றினாள். இட்லிக்கா தோசைக்கா என்று கேட்டாள். அவர் தோசைக்கு என்றார்.

தை மாதம் அவர் மகள் ஆவுடைச்செல்வி, புருஷனோடு இனி வாழ முடியாது என்று, மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். வீட்டில் இருந்தது ஒரே அறை. தங்கமாரியப்பன் பின்பக்கம் ஹாலோபிளாக் கல்லில், சிமெண்டுத் தகடு போட்டு, பத்துக்குப் பத்தில் ஓர் அறை கட்டினார். அதில் ஆறடி அவருடைய பழைய இடத்தில் இருந்தது, மீதி சுவர் கடந்து போன நாலடியில் இருந்தது. செண்பகவடிவு மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்தாள். சுவர் நுழைந்தபோது வந்தது எரிச்சல். சிமெண்டுத் தகடு ஏறிய அன்றைக்கு வந்தது வேறு. சுவருக்குப் புத்தியில்லை. இவருக்கு இருந்தது.

மே மாதம் கோடை விடுமுறை விட்டார்கள். முப்பது நாள் கோர்ட் இல்லை. சுவர் விரற்கடையை விட்டுவிட்டுச் சாண் கணக்கில் நடக்க ஆரம்பித்தது. தண்ணீர் டிரம், துணிக்கொடிக் கம்பம், நந்தியாவட்டைச் செடி எல்லாம் வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. மாவு வாங்க வந்தவர்கள் பக்கவாட்டில் நடந்து வந்தார்கள், குண்டானவர்கள் தெருவிலிருந்தே பாத்திரத்தை நீட்டினார்கள். நாலாம் நாள் செண்பகவடிவு ஊறப்போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, விடுமுறைக்கால நீதிமன்றம் நடக்கும் ஊருக்குப் போனாள். அங்கே அன்றைக்கு ஐம்பத்திரண்டு வழக்குகள். ஐம்பதாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். முந்தைய உத்தரவு விடுமுறை நாட்களையும் உள்ளடக்கும் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார் நீதிபதி. அந்த வரியைப் பிளவுஸுக்குள் வைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்து, அமீனா வரும்வரை காத்திராமல், சுவருக்கு முன்னால் நின்று தானே படித்தாள். படித்து முடித்தபோது அதற்கும் அவள் அடுக்களை ஜன்னலுக்கும் நடுவே ஒரு முழம் பாக்கி இருந்தது. அது அங்கேயே நின்றது. அவள் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போய்ப் புளித்துப்போன அரிசியைக் கொட்டிவிட்டு, உட்கார்ந்து அழுதாள்.

ஆவணியில் தீர்ப்பு வந்தது. இடம் வாதிக்குப் பாத்தியம், சுவர் அறுபது நாளில் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அறுபது நாள் சுவர் அசையவில்லை. நிறைவேற்று மனுப் போட்டார்கள். கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அமீனா, சர்வேயர், இரண்டு போலீஸ், ஒரு தமுக்குக்காரர் எல்லாரும் வந்தார்கள். தமுக்கு அடித்து, அமீனா டிக்ரி என்கிற தீர்ப்பாணையைச் சுவருக்கு உரக்கப் படித்தார். கடைசி வரியும் முத்திரை விவரமும் படித்து முடித்ததும், சுவர் ஒருமுறை தூசியை உதறிவிட்டு, கிழக்கே திரும்பி நடந்தது.

தெரு முழுக்க மாடிகளிலும் மதில்களிலும் ஏறி நின்றது. முழம் முழமாகச் சுவர் போகப் போக, செண்பகவடிவின் இடம் வெயிலில் விரிந்துகொண்டே போனது. நசுங்கிக் கிடந்த நந்தியாவட்டை நிமிர்ந்தது. அவள் தன் மண்ணில் கால் வைத்துச் சுவருக்குப் பின்னாலேயே நடந்தாள். ஆறடி போனதும் அந்தப் பக்கத்தில் தங்கமாரியப்பனின் குரல் கேட்டது. சுவர் அறையின் அருகே வந்துவிட்டது. இன்னும் இரண்டு முழத்தில் ஹாலோபிளாக்கைத் தொடும், தொட்டால் தள்ளும்.

செண்பகவடிவு சுற்றிக்கொண்டு போனாள். ஆவுடைச்செல்வி அறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே சேலைத் தொட்டில் தொங்கியது. அவள் கெஞ்சவில்லை.

"அஞ்சு நிமிஷம் குடுங்க அத்தை. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்தா. தூக்கிட்டுச் சாமானையும் எடுத்திருதேன்."

"எடுத்துட்டு எங்க போவ?"

"தெரியலை."

செண்பகவடிவுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக நடந்து நடந்து செருப்பு மூன்று ஜோடி தேய்ந்து, கடைசி நாலடி கைக்கு வருகிற நேரத்தில், இந்தப் பெண் எதற்கு இப்படி மரியாதையாகப் பேசுகிறாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும். அவள் அமீனாவிடம் திரும்பி, "இதக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா சார்?" என்றாள்.

"டிக்ரி உங்களுது. நீங்க சொன்னா நிக்கும்."

அவள் சுவரைப் பார்த்து, நில்லு என்றாள். நின்றது. நெல்லைநாயகத்துக்குப் போன் போட்டாள்.

"இரக்கம் வந்திருச்சாக்கும்" என்றார் அவர். "வரட்டும், தப்பில்லை. ஆனா எழுத்துல இரக்கப்படுங்க. வாயால இரக்கப்பட்டா பன்னிரண்டு வருஷத்துல இடம் போயிரும். 'இது செண்பகவடிவுக்குச் சொந்தமான இடம், அவங்க அனுமதியில பதினோரு மாசம் இருக்கோம்'னு அவரு தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அமீனா சாட்சி."

தங்கமாரியப்பனிடம் தாளைக் கொடுத்தார்கள். அவர் சுவரில் தாளை வைத்து எழுத உட்கார்ந்தார். தன் பெயரை எழுதினார், அப்பா பெயரை எழுதினார், கதவு எண்ணை எழுதினார். அதற்கு மேல் பேனா போகவில்லை. ஒரு வருஷமாக அவர் சுவர் நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார், தான் நகர்த்தவில்லை என்று சொல்லியிருக்கிறார், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார், இடம் யாருடையது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அமீனா மணியைப் பார்த்தார்.

"இடம் உங்களுதுன்னு எனக்கு எப்பவும் தெரியும் தங்கச்சி" என்றார் அவர், நிமிராமல். "அது பாட்டுக்கு வந்துச்சு. வர்றத எப்படி வேண்டாம்ங்கிறது?"

"அத எழுத வேண்டாம் அண்ணாச்சி. இடம் யாருதுங்கிறத மட்டும் எழுதுங்க."

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

செண்பகவடிவு அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்று சுவரிடம் சொன்னாள். சுவர் புறப்பட்டது. வடக்கேயும் தெற்கேயும் நேராகப் போய்ப் பழைய தடத்தில் நின்றது. நடுவில் மட்டும், தூங்குகிறவரைச் சுற்றிப் போகிறமாதிரி, அறையைச் சுற்றி வளைந்து நின்றது. சர்வேயர் வளைவை வரைபடத்தில் வரைந்து, 'வாதியின் அனுமதியின்பேரில்' என்று எழுதினார். பூனை வளைவில் படுத்துப் பார்த்து, அதுதான் வசதி என்று அங்கேயே தங்கிவிட்டது. தெருக்காரர்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

ஆவுடைச்செல்வி ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் குழந்தை சில நாள் செண்பகவடிவின் அடுக்களையில் மாவுப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பத்தாவது மாதமே அடுத்த தெருவில் வாடகை வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய ஆட்டோ தெருமுனை திரும்பியது, மறுநாள் தங்கமாரியப்பன் ஆள் வைத்து அறையைப் பிரித்தார், அதற்கு மறுநாள் காலையில் சுவர் நேராக நின்றது. யாரும் அதற்குத் தமுக்கு அடிக்கவில்லை.

மாசி மாதம் நல்ல நாள் பார்த்து, பதினைந்தடியில் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டினார்கள். கொத்தனார் கயிறு கட்டிக் கலவை குழைத்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் பதிவுத்தபால் ஒன்றோடு வந்தார். தங்கமாரியப்பன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். முதல் பெயர் செண்பகவடிவு, இரண்டாம் பெயர் 'மேற்படியார் இடத்தில் இனிமேல் கட்டப்படவிருக்கும் கிழக்குச் சுவர்'. கட்டி முடித்த பிறகு மேற்படி சுவர் கிழக்கு நோக்கி நகர முற்பட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது.

செண்பகவடிவு கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே முழுவதையும் படித்தாள். அவளுக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. மணவாளன் ஊரில் இருந்தான், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டான். அவள் தாளை நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, கடைக்காலில் இறங்கி, கொத்தனாரிடம், "இது ரெண்டு பேருக்கும் வந்தது. சுவரு பங்கு அதுகிட்ட இருக்கட்டும்" என்று சொல்லி, கலவையின் மேல் வைத்தாள். கொத்தனார் முதல் செங்கலை எடுத்து அதன்மேல் வைத்து, ரசமட்டம் பிடித்துப் பார்த்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினார்.